குனியாமல் கறந்த பால்

மனிதர்கள் ஒரு நாளைக்கு எத்தனை காரணத்துக்காகக் குனிகிறார்கள் என்று தெரிய வேண்டுமானால், "குனியாதீங்க" என்று சொல்லிப் பிழைக்கிற வேலைக்கு வர வேண்டும். செருப்பு மாட்ட, வாசல் கூட்ட, பெரியவர் காலைத் தொட, கீழே விழுந்த ஹேர்பின்னை எடுக்க, எடுத்தது தன்னுடையது இல்லை என்று தெரிந்ததும் அதே இடத்தில் திரும்ப வைக்க.

நான் கோயமுத்தூரில் பிசியோதெரபி இரண்டாம் வருஷம். வயது பதினெட்டு. உக்கடத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கும் ஒரு ஆஸ்பத்திரியில் எங்களுக்குப் பயிற்சி. எங்கள் பிரிவுக்கு வாசலில் பெரிய பெயர்ப்பலகை உண்டு. ஆனால் வருகிறவர்களுக்கெல்லாம் அது 'கரண்டு ரூம்'தான். முதுகில் கொஞ்சம் கரண்டு வைத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிடலாம் என்று வருவார்கள். காலைத் தூக்குங்கள், கையை நீட்டுங்கள் என்றதும் ஏமாற்றிவிட்டோம் என்பது போலப் பார்ப்பார்கள்.

இது போக எனக்கு இன்னொரு தொழிலும் உண்டு. யார் குரலையும் பேசிவிடுவேன். ஹாஸ்டல் வார்டன், பன்னிரண்டாம் நம்பர் பஸ் கண்டக்டர், சமையல்கட்டுக் குக்கர், எல்லோரும் என் தொண்டையில் வாடகை இல்லாமல் குடியிருக்கிறார்கள். நீங்களும் யாருக்காவது "அப்படிச் செய்யாதீங்க" என்று சொல்லியே தொண்டை வறண்டவர் என்றால், வாருங்கள், என் பக்கத்தில் உட்காருங்கள். முதுகை நிமிர்த்தி.

வலிக்குதுங்களா?

பாவாத்தாள் அம்மாவுக்கு ஐம்பத்தேழு வயது. சூலூருக்கு அந்தப் பக்கம் தோட்டத்துக்குள்ளே வீடு. மாட்டுக்குத் தண்ணீர் வாளியைத் தூக்கக் குனிந்தவர், குனிந்த இடத்திலேயே நின்றுவிட்டார். எக்ஸ்ரேயில் முதுகெலும்புக் கட்டை ஒன்று முன்பக்கமாக அமுங்கியிருந்தது. எலும்பு மெலிவு. எங்கள் தலைமை பிசியோதெரபிஸ்ட் நடராஜன் சார் இதைப் பேக்கரி ரஸ்க்கை வைத்துத்தான் விளக்குவார். பார்க்க முழுசாக இருக்கும், நிமிர்த்தி வைத்தால் எத்தனை நாளானாலும் நிற்கும், வளைத்தால்தான் வம்பு. சில வாரம் பெல்ட்டும் ஓய்வுமாக இருந்து வலி மட்டுப்பட்டதும், வைகாசி மாதத்தில் அவரை எங்களிடம் அனுப்பினார்கள்.

முதுகு எப்போது சரியாகும் என்று அவர் கேட்கவில்லை. மாட்டுக்குப் பக்கத்தில் எப்போது உட்காரலாம் என்றுதான் கேட்டார். மாட்டின் பெயர் செவலை. பாவாத்தாள் கையைத் தவிர வேறு கை பட்டால் உதைக்கும். இவர் படுத்ததிலிருந்து வீட்டுக்காரர் பழனிச்சாமி அதன் காலைக் கட்டி, அரைகுறையாகக் கறந்து, உதை வாங்கி, பாலும் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தது. ஆடி பிறப்பதற்குள் இவர் உட்கார்ந்து கறக்காவிட்டால், அந்தியூர் மாட்டுச் சந்தைக்கு அதைத் தாட்டி, விற்றுவிடுவதாக அவர் தீர்மானமாகச் சொல்லிவிட்டாராம். சொல்லும்போது பாவாத்தாள் அம்மா கூரையைப் பார்த்துக்கொண்டார்.

ஆக எங்களுக்கு இரண்டு மாதம் இருந்தது. ஆனால் ஒரு சங்கடம். இவர் காலை நான் தூக்குவேன், வலிக்கிறதா என்று கேட்பேன், இல்லீங்க அம்மணி என்பார். நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நிற்கும். இன்னும் கொஞ்சம் தூக்குவேன். அப்போதும் இல்லீங்கதான். வலி எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் எந்த இடத்தில் நிறுத்துவது? மூன்றாம் நாள், ஏனுங்கம்மா இப்படிப் பொய் சொல்கிறீர்கள் என்று கேட்டேவிட்டேன். அவருக்கு என் கேள்விதான் புரியவில்லை.

"இத்தனை பாடுபட்டுச் சொல்லிக் குடுக்கறே. வலிக்குதுன்னு மூஞ்சிக்கு நேராச் சொன்னா உன்ற மனசு நோகாதா அம்மணி?"

சார் வந்தாச்சு

எலும்பு மெலிந்தவர்கள் படுக்கையிலிருந்து அப்படியே நிமிர்ந்து எழக் கூடாது. முழங்காலை மடக்கி, தோளும் இடுப்பும் ஒட்டுக்கா, ஒன்றுசேர, கட்டை உருள்கிற மாதிரி ஒருக்களித்து, காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, கையை ஊன்றித்தான் எழ வேண்டும். தினமும் வந்து பயிற்சி செய்துவிட்டு வீட்டுக்குப் போகிற எங்கள் நான்கு கட்டில்காரர்களும் இதை அழகாகச் செய்வார்கள். நடராஜன் சார் உள்ளே வருகிற வரைக்கும். பெரியவர் வரும்போது காலை நீட்டிப் படுத்திருப்பதா? நாலு பேரும் வில் மாதிரித் துள்ளி எழுந்து கும்பிடுவார்கள். எழாதீங்க என்று அவர் கத்துவார். கத்தக் கத்த இன்னும் வேகமாக எழுவார்கள்.

ஒரு மத்தியானம் என் தோழி சுமதி, கரண்டு ரூமுக்குள்ளேயே தேங்காய் பன் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தடை செய்யப்பட்ட செயல். எனக்குக் கை துறுதுறுவென்றது. கை என்ன, தொண்டை. திரைக்குப் பின்னால் நின்று, சாருடைய இருமலை ஒருமுறை இருமி, மூக்கால், "என்னங்கம்மா, எல்லாரும் எப்படி இருக்கீங்க" என்றேன். சுமதியின் பன் பறந்தது. நான் சிரிக்க வாயைத் திறந்தேன். அதற்குள் நாலு கட்டிலும் எழுந்துவிட்டது. மல்லாந்து படுத்திருந்த பாவாத்தாள் அம்மா நேராக நிமிர்ந்து, இரண்டு கையையும் கூப்பி, அடுத்த நொடி ஒரு கையை முதுகுக்குக் கொண்டுபோனார்.

இன்னொரு கட்டை அமுங்கியிருந்தால் செவலை அந்தியூரில் என்று அர்த்தம். அனுப்பியது நான் என்றும் அர்த்தம். எக்ஸ்ரே ஃபிலிம் ஈரத்தோடு வெளியே வருகிற வரைக்கும் என் தொண்டையில் குடியிருந்த ஒருவரும் பேசவில்லை. நல்லவேளை, எலும்பில் புதிதாக ஒன்றும் இல்லை. தசைதான் பிடித்துக்கொண்டிருந்தது. ஆனால் ஒரு வாரம் ஒத்தடம் மட்டும், பயிற்சி கிடையாது. இருந்த நாட்களில் ஒரு வாரம் என்னால் போனது. ஏன் அப்படி எழுந்தீர்கள் என்று சார் கேட்டதற்கு, பாவாத்தாள் அம்மா திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என்னமோ நினைப்பில் தானாக எழுந்துவிட்டதாகச் சொன்னார். சார் போன பிறகு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"உன்ற சாரு நல்லாத்தான் வந்தாரு அம்மணி. அடுத்தவாட்டி நான் உக்காந்திருக்கறப்ப வரச் சொல்லு."

தண்டனை

சார் வராந்தாவில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார் என்பது மறுநாள்தான் தெரிந்தது. அறைக்குக் கூப்பிட்டு, அதையே இன்னொரு தடவை பேசு என்றார். அவர் குரலை அவருக்கே பேசிக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். இருமல் சரியாக இல்லை என்று இருமிக் காட்டினார். அப்புறம் தண்டனையைச் சொன்னார். தினமும் அவர் உள்ளே வருவதற்கு ஐந்து நிமிஷம் முன்னால், நான் திரைக்குப் பின்னால் நின்று அவர் குரலில் அறிவிக்க வேண்டும்: யாரும் எழ வேண்டாம், படுத்தவர்கள் படுத்தே இருங்கள், எழுந்தால் கோபித்துக்கொள்வேன். ஆள் வந்து சொன்னால் ஆளுக்கு மரியாதை செய்ய எழுகிறார்கள், ஆளே இல்லாமல் சொன்னால் என்ன செய்வார்கள் பார்ப்போம் என்பது அவர் யோசனை.

முதல் நாள் குரலுக்கே எழுந்து கும்பிட்டார்கள். மூன்றாம் நாள் தலையை மட்டும் தூக்கினார்கள். ஒரு வாரத்தில் நாலு பேரும் அசையாமல் படுத்திருக்கக் கற்றுக்கொண்டார்கள். பாவாத்தாள் அம்மா படுத்தபடியே கையை மட்டும் கூப்பினார். அன்றைக்கு சார் உள்ளே வந்தார், நாலு கட்டிலையும் ஒரு சுற்று பார்த்தார், வாசலுக்குப் போய்த் திரும்பி வந்தார், மறுபடியும் பார்த்தார்.

"எந்திரிக்க வேண்டாம்னு நாந்தான் சொன்னேன், சரி. அதுக்காக ஒருத்தர்கூடவா எந்திரிக்க மாட்டீங்க?"

கண்ணாடிக் கூடு

எலும்பு மெலிவு பெண்களுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். ரங்கசாமி ஐயா ஒரு நூல் மில்லின் தச்சுப் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இளைப்புக்கு வருஷக்கணக்காகச் சாப்பிட்ட மாத்திரை எலும்பையும் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டது. தரையில் கிடப்பது எதுவும் உங்களுடையது இல்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள் என்று நான்தான் அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். அவர் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். உக்கடம் பஸ் ஸ்டாண்டில் அவருடைய மூக்குக்கண்ணாடிக் கூடு கீழே விழுந்தது. குனியவில்லை. முன்பின் தெரியாத ஆளைத் தன் காலடியில் குனியச் சொல்வதும் மரியாதை இல்லையே. அதனால் யாரும் மிதித்துவிடாதபடி கையை விரித்து, அதற்குக் காவல் நின்றிருக்கிறார். அவர் ஏற வேண்டிய பஸ் இரண்டு போய்விட்டது. கடைசியில் ஒரு கண்டக்டர், பெரியவருக்கு என்னமோ ஆகிவிட்டது என்று பயந்து ஓடி வந்து, கூட்டை மிதித்துவிட்டார்.

அதற்கப்புறம்தான், எடுக்கவே கூடாது என்று சொன்னது என் தப்பு என்று புரிந்து, எடுக்கிற முறையைச் சொல்லிக் கொடுத்தேன். ஒரு கையால் நாற்காலியைப் பிடி, ஒரு காலை முன்னால் வை, முதுகு பலகையாக இருக்கட்டும், முழங்கால் மட்டும் இறங்கட்டும். இடுப்பில் மடங்கலாம், முதுகில் மடங்கக் கூடாது. பக்கத்துக் கட்டிலில் பாவாத்தாள் அம்மா இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். குந்தி உட்கார்ந்து கறந்தால் முதுகு வளையும், உயரமாக உட்கார்ந்தால் மடி எட்டாது, என்ன செய்வது என்று கேட்டார். ரங்கசாமி ஐயா மாட்டின் உயரம் கேட்டார். பாவாத்தாள் அம்மாவின் முழங்கால் உயரத்தை என்னை விட்டு அளக்கச் சொன்னார். நாலு நாளில் ஒரு முக்காலி வந்தது. உட்காரும் பலகை முன்பக்கம் ஒரு விரல் கடை சரிந்திருந்தது. உட்கார்ந்தால் இடுப்பு தானாக முன்னால் சாயும், முதுகு தானாக நிமிரும். சார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இதை எங்கே படித்தீர்கள் என்று கேட்டார்.

"மில்லுல நாங்க மிசினுக்குத் தகுந்தாப்புல ஆளைக் குனிய வெச்சுப்போட்டமுங்க. இது ஒண்ணாவது ஆளுக்குத் தகுந்தாப்புல இருக்கட்டும்னு பண்ணுனேன்."

பாட்டுக்கு முன்னால்

முக்காலி வந்துவிட்டது, அதில் உட்கார முதுகில் பலம் வேண்டுமே. வீட்டில் தினமும் இரண்டு வேளை பயிற்சி செய்ய வேண்டும். படம் போட்ட தாளைக் கொடுத்தோம். பாவாத்தாள் அம்மா அதைச் சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்துவிட்டார். சார் குரலில் ஒரு கேசட் பேசிக் கொடுத்தேன். வேற்று ஆம்பளை வீட்டுக்குள் உட்கார்ந்து அதிகாரம் பண்ணுவதாகப் பழனிச்சாமி அதை நிறுத்திவிட்டார். சரி, யார் சொன்னால்தான் கேட்பீர்கள் என்றேன். யார் சொல்லியும் கேட்டுப் பழக்கமில்லை, சொல்லித்தான் பழக்கம், அதுவும் செவலையிடம் என்றார். அதனிடம் எப்படிப் பேசுவீர்கள் என்று கேட்டு, பேசச் சொல்லிக் கேட்டேன். இரண்டு நிமிஷத்தில் பாவாத்தாள் அம்மாவும் என் தொண்டைக்குக் குடிவந்துவிட்டார்.

அன்றைக்கே ஹாஸ்டலில், சுமதியின் பாட்டு கேசட் ஒன்றை எடுத்து, மேலே இருக்கும் இரண்டு ஓட்டையிலும் காகிதம் அடைத்து, அதன் மேல் அவர் குரலிலேயே பதிவு செய்தேன். "ஏ செவலை, என்ற கண்ணு, நேரா நில்லு. காலை அகட்டு. நெஞ்சை நிமுத்து. மெல்ல மூச்சை இழு, உடு." செவலைக்குச் சொல்கிற சாக்கில் அவருக்கே பயிற்சி, கால் மணி நேரம் இப்படியே. மிச்சத்தை அழிக்க நேரமில்லை. அதனால் பயிற்சி முடிந்த கையோடு சுமதியின் பாட்டு, தபேலாவோடு ஆரம்பித்துவிடும்.

அடுத்த வாரம் பாவாத்தாள் அம்மாவோடு, அதுவரை ஆஸ்பத்திரிப் பக்கமே வராத பழனிச்சாமியும் வந்தார். வாசலிலேயே நின்றுகொண்டு, டேப்பில் பேசியது எந்த அம்மணி என்று கேட்டார். நான் சுமதியைக் காட்டலாமா என்று யோசித்தேன். அவர் சொன்ன விஷயம் இதுதான். மாடு கட்டுகிற கட்டுத்தறிச் சுவருக்கு இந்தப் பக்கம் டேப்பை வைத்து, பாவாத்தாள் அம்மா தூணைப் பிடித்துப் பயிற்சி செய்துகொண்டிருந்தாராம். சுவருக்கு அந்தப் பக்கம் செவலை காதைத் திருப்பிக்கொண்டு சிலை மாதிரி நின்றதாம். மடியிலிருந்து பால் தானாகச் சொட்டியதாம். இதற்கு முன்னால் பாவாத்தாள் பக்கத்தில் நின்று பேசிப் பார்த்திருக்கிறார்கள். ஆளைக் கண்டால் அது அவர் பக்கமே திரும்பி, பின்னால் இருக்கிறவருக்கு உதை கொடுக்கும். இப்போது ஆள் இல்லை, குரல் மட்டும். பழனிச்சாமி சத்தமில்லாமல் பால் கறக்கிற போசியை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்திருக்கிறார். பல வாரத்துக்கு அப்புறம் போசி நிறைந்ததாம். எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்படியென்றால் அந்தியூர் கிடையாதுதானே என்றேன். அவர் தலையை ஆட்டினார். கரண்டு போனால் டேப்பு பாடாது, ஒரு பெட்டியை நம்பி மாடு வைத்துக்கொள்ள முடியாது, மனுஷி உட்கார்ந்தால்தான் ஆச்சு என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தினார்.

"அதுவுமில்லாம, பாட்டு வரதுக்குள்ள எந்திரிச்சரோணுமுங்க அம்மணி. தபேலா சத்தம் வந்தா ஒதைக்குது."

முக்காலி மேல்

ஆடிக்குச் சில நாள் முன்னால் சாரும் நானும் சூலூர் பஸ் பிடித்து, இறங்கி, தோட்டத்துக்கு நடந்தோம். சார் மாட்டைப் பார்க்கவில்லை; முதலில் வீட்டைப் பார்த்தார். வாசற்படியில் வழுக்குகிற சாக்கை எடுக்கச் சொன்னார். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்துப் பாசியைத் தேய்க்கச் சொன்னார். நடைவழியில் கிடந்த ஹோஸ் குழாயை, சார் சொல்வதற்கு முன்னாலேயே பழனிச்சாமி சுருட்டினார். மெலிந்த எலும்புக்குக் குனிவது பாதி எதிரி, விழுவது மீதி எதிரி. அப்புறம்தான் கட்டுத்தறி.

பாவாத்தாள் அம்மா முக்காலியைப் போட்டார். தூணைப் பிடித்து, முழங்காலை மடக்கி, மெல்ல உட்கார்ந்தார். காலை அகட்டி, மாட்டோடு ஒட்டி நகர்ந்து, இடுப்பிலிருந்து சாய்ந்தார். முதுகு பலகையாட்டம் இருந்தது. ஆனால் செவலைக்குப் பேன்ட் போட்ட ஆளைப் பிடிக்கவில்லை. சாரைப் பார்த்ததும் பின்பக்கத்தைத் திருப்பியது. போசி சாய்ந்தது. அதைப் பிடிக்கப் பாவாத்தாள் அம்மா இடுப்பைத் திருகப் போனார். குனிந்தபடி திருகுவதுதான் எல்லாவற்றிலும் மோசம். நான் யோசிக்கவே இல்லை. பாவாத்தாள் குரலிலேயே, "ஏ செவலை, நேரா நில்லு" என்று ஒரு அதட்டு. செவலை நேரானது. பாவாத்தாள் அம்மாவும் நேரானார். பழனிச்சாமியும் கொஞ்சம் நிமிர்ந்த மாதிரி எனக்குப் பட்டது. போசி தரையில் உருண்டு, பழனிச்சாமி அதை எடுத்துக் கொடுத்தார். அப்புறம் பால் இறங்குகிற சத்தம் கேட்டது. முதலில் தகரத்தில் அடிக்கிற மாதிரி, பிறகு நுரைக்குள் போகிற மாதிரி.

வலிக்குதுங்களா என்று கேட்டேன். பழக்கத்தில் "இல்லீங்" வரைக்கும் வந்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். இடது பக்கம் கொஞ்சூண்டு இழுக்கிறது என்றார். அவர் எனக்குச் சொன்ன முதல் நிஜம் அதுதான்; கட்டிப்பிடித்திருப்பேன், முதுகை நினைத்து விட்டுவிட்டேன். சார் உடனே நிறுத்தச் சொல்லித் தீர்ப்பு வழங்கினார். காலையில் மட்டும், பாதி மடி. மீதியும் சாயங்காலமும் பழனிச்சாமியும் டேப்பும். போசியைத் தூக்குவது அவர்தான். கரண்டு போகிற நாளுக்கு, பேட்டரி வாங்கி வைக்க வேண்டியது. பழனிச்சாமி மாட்டை ரொம்ப நேரம் பார்த்தார், வீட்டுக்காரியைப் பார்த்தார், துண்டை எடுத்துத் தோளில் போட்டார்.

"செரீங்க, அந்தியூருக்கு நான் மட்டும் போயிட்டு வாரேன்."

போனார், வந்தார், செவலைக்கு ஒரு கழுத்து மணி வாங்கி வந்தார். இத்தனை மாதத்தில் எங்களிடம் வந்தவர்களில், நேரா நில்லு, காலை அகட்டு என்று நான் சொன்னதை முணுமுணுக்காமல், மரியாதைக்குப் பொய் சொல்லாமல், தினமும் இரண்டு வேளை கேட்டு நடக்கிறது அந்த நாலு கால் பேஷண்ட் மட்டும்தான்.